ஸ்டேஜ் சொல்லாத செய்தி: புற்றுக்கட்டிக்குள் நம் எதிர்ப்பு அணுக்கள்

பெரியப்பாவின் கருமாதி முடிந்த மத்தியானம். மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில், அவர் வீட்டின் பின்பக்கம் பெரியம்மாவும் நானும் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். கையிலிருந்த அண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "நீ லேப்லதானே வேலை செய்யற, எனக்கு ஒன்னு மட்டும் சொல்லும்மா. ரெண்டு பேருக்கும் குடல்லதான். ரெண்டு பேருக்கும் மூனாவது ஸ்டேஜ். ஒரே டாக்டர், ஒரே கீமோ. அவரு இன்னமும் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுறாரு. இவரு மட்டும் ஏன் போயிட்டாரு?"

'அவரு' என்றது பெரியப்பாவோடு முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை செய்த நண்பரை. ஆறு மாத இடைவெளியில் இரண்டு பேருக்கும் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. நண்பருக்கு இது நான்காவது வருடம், நன்றாக இருக்கிறார். பெரியப்பாவுக்கு இரண்டாம் வருடமே ஈரலில் திரும்ப வந்துவிட்டது.

அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் டாக்டர் இல்லை. பினாங்குத் தீவில் ஒரு ஆய்வகத்தின் திசுப் பிரிவில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்லைடுகளைத் தயாரிப்பது என் வேலை. ஆனால் பெரியம்மா கேட்ட அதே கேள்வியை மருத்துவ உலகமும் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கடந்த இருபது வருடங்களில் அதற்குப் பாதி பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஸ்டேஜ் என்றால் என்ன? பியர் டெனுவா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1943-க்கும் 1952-க்கும் இடையில் வகுத்த முறை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. டிஎன்எம் என்பார்கள். மூன்றே கேள்விகள். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் புற்றணுக்கள் இருக்கின்றனவா? ஈரல், நுரையீரல் மாதிரி தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்டதா? குடல் புற்றுநோயில் மூன்றாம் ஸ்டேஜ் என்றால், முடிச்சுகளுக்கு வந்துவிட்டது, தூரத்துக்கு இன்னும் போகவில்லை என்று பொருள். முடிச்சுகளைப் போதிய அளவு பார்த்தால்தான் இதை நம்பிச் சொல்ல முடியும் என்பதால், வெட்டி எடுத்த குடல்துண்டில் குறைந்தது 12 முடிச்சுகளையாவது தேடிப் பார்க்க வேண்டும் என்பது விதி.

இந்த மூன்று கேள்விகளையும் கவனியுங்கள். மூன்றுமே புற்றுநோயைப் பற்றியவை. உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

2017 நவம்பர் வெள்ளத்தை பினாங்கில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டோம். எங்கள் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு தெருக்களிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஒரு தெருவில் சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது. மற்றதில் மறுநாளும் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரின் உயரத்தை மட்டும் அளந்தவருக்கு இரண்டு தெருவும் ஒன்றுதான். கால்வாய் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவருக்குத்தான் வித்தியாசம் தெரிந்திருக்கும். ஸ்டேஜ் என்பது தண்ணீரின் உயரம். அது முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிகிச்சையைத் தீர்மானிப்பதில் இன்றும் அதுதான் முதல் அளவுகோல். கால்வாயைப் பற்றி அது எதுவும் சொல்லாது, அவ்வளவுதான்.

அந்தக் கால்வாயை நான் தினமும் பார்க்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் குடல்துண்டு முதலில் ஃபார்மலினில் ஊறும். டாக்டர் அதைத் திறந்து அளந்து, தேவையான இடங்களில் தபால்தலை அளவுக்குத் துண்டுகள் வெட்டித் தருவார். அவற்றின் ஈரத்தை எடுத்துவிட்டு உருக்கிய மெழுகை ஏற்றினால் சின்ன வெள்ளைக் கட்டையாக இறுகும். பிளாக் என்போம். அதைக் குளிரவைத்து மைக்ரோடோமில் பூட்டிச் சுற்றினால், ஒரு மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு தடிப்பில் ஏடு ஏடாக உரிந்து வரும். மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டதும் சுருக்கம் நீங்கி, பாலாடை போல விரியும். கண்ணாடித் தகட்டை அடியில் விட்டு மெல்ல ஏந்தி எடுக்க வேண்டும். அப்புறம் சாயம். ஹெமடாக்சிலின் என்பது மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்து எடுப்பது. அணுக்களின் கருவை ஊதா நீலமாக்கும். ஈயோசின் மற்ற எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கும்.

நல்ல குடலின் சுரப்பிகள் வட்டம் வட்டமாக, கட்டிய பூச்சரம் மாதிரி வரிசையாக இருக்கும். புற்று வந்த இடத்தில் அந்த ஒழுங்கு கலைந்து, சுரப்பிகள் கோணல்மாணலாக ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். இவை இரண்டுக்கும் நடுவில் கடுகைத் தூவியது போலச் சின்னச் சின்ன கருநீலப் புள்ளிகள். அவைதான் லிம்போசைட்டுகள், நம் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை.

சில ஸ்லைடுகளில் இந்தக் கடுகு, கட்டியின் ஓரம் முழுக்க அடர்த்தியாக அப்பியிருக்கும். உள்ளேயும் புகுந்து சுரப்பிச் சுவர்களுக்குள் உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் ஓரம் வரை வந்து, நார்த்திசுவுக்கு வெளியே தேங்கி நிற்கும். இன்னும் சிலவற்றில் எவ்வளவு தேடினாலும் இங்கொன்று அங்கொன்று. மூன்றும் ஒரே ஸ்டேஜாக இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்தும் பார்க்காதது போலத்தான் இருந்தேன். என் கண் கட்டியின் மேலேயே இருக்கும். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. கட்டிக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ 1863-லேயே கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் அவை எத்தனை, எங்கே என்று எண்ணிப் பார்ப்பது மருத்துவத்தில் இடம்பிடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

சரி, இந்தக் கடுகுப் புள்ளிகள் அங்கே என்ன செய்கின்றன?

நம் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் ஆட்கள் இரவில் ரோந்து வருவார்கள் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒவ்வொரு அணுவும் தன் உள்ளே தயாராகும் புரதங்களின் சின்னத் துணுக்குகளை மேற்பரப்பில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். வாசலில் ஐசி-யை, அதாவது அடையாள அட்டையை, தூக்கிக் காட்டுவது போல. டி அணுக்கள் என்ற லிம்போசைட்டுகள் வீடு வீடாகப் போய் அந்த ஐசி-யைத் தடவிப் பார்க்கும். வைரஸ் புகுந்த அணு என்றால் வைரஸின் துணுக்கும் சேர்ந்து தெரியும். உடனே கொல்லும் டி அணு ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளைபோட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தும். அந்த அணு தானே சுருங்கி அழிந்துவிடும். இப்படிக் கொல்லும் டி அணுக்களின் மேல் சிடி 8 என்ற அடையாளம் இருக்கும். எல்லா டி அணுக்களுக்கும் பொதுவான அடையாளம் சிடி 3. இந்த இரண்டு பெயர்களையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

புற்றணுவின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. அது வெளியாள் இல்லை, நம் வீட்டுப் பிள்ளை. ஐசி-யில் பெரும்பகுதி சரியாகவே இருக்கும். மரபணு மாறிப்போன ஓரிரு இடங்களில்தான் எழுத்து பிசகியிருக்கும். அந்தப் பிசகைக் கண்டுபிடித்து உடம்பு புற்றணுக்களை அவ்வப்போது அழிக்கிறது என்று பால் எர்லிச் 1909-லேயே ஊகித்தார். நிரூபணம் வர நாளானது. 2001-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷ்ரைபர் குழுவினர், டி அணுக்கள் முதலான லிம்போசைட்டுகள் இல்லாத எலிகளுக்குப் புற்றுநோய் அதிகமாக வருவதைக் காட்டினார்கள். மனிதர்களிலும் சான்று உண்டு: சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள், முக்கியமாகத் தோல் புற்றுநோய், மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகின்றன.

அப்படியானால் கட்டி எப்படி வளர்கிறது? தப்பித்துத்தான். சில புற்றணுக்கள் ஐசி காட்டுவதையே நிறுத்திவிடும். சில, பிடி-எல்1 என்ற புரதத்தை மேலே வைத்துக்கொண்டு, தேடி வரும் டி அணுவின் பிடி-1 கொக்கியைப் பிடித்து 'நம்ம ஆளுதான், போகலாம்' என்று சமிக்ஞை கொடுக்கும். சில, கட்டுப்படுத்தும் டி அணுக்களைக் கூட்டி வந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளும். சண்டை எல்லைமீறாமல் தணிப்பதுதான் அவற்றின் வேலை. அந்த அணுக்களைக் கண்டறிந்ததற்குத்தான் 2025-இல் மருத்துவ நோபல் மூவருக்குக் கிடைத்தது. ஆக, கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்த எந்தக் கட்டியும் ஓரளவு தப்பித்த கட்டிதான். ஆனால் தப்பித்தது எவ்வளவு, அகப்பட்டது எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஸ்லைடில் தெரியும் கடுகு அதைத்தான் சொல்கிறது.

இதை எண்ணிப் பார்த்தவர்கள் பாரிஸில் இருந்தார்கள். ஜெரோம் காலோன், ஃபிராங்க் பாஜெஸ், வொல்ஃப் ஃபிரிட்மன் ஆகியோரின் குழு 2006-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தவர்களின் பழைய பிளாக்குகளை எடுத்து, டி அணுக்களுக்கு நிறம் ஏற்றி, கட்டியின் நடுப்பகுதியிலும் அது நல்ல திசுவை அரித்துக்கொண்டு போகும் ஓரத்திலும் தனித்தனியாக எண்ணினார்கள். இரண்டு இடத்திலும் நிறைய இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. இரண்டிலும் குறைவாக இருந்தவர்களுக்கு அதிகம், ஸ்டேஜ் சின்னதாக இருந்தாலும்கூட. இதிலிருந்து பிறந்ததுதான் இம்யூனோஸ்கோர் என்ற அளவு. சிடி 3, சிடி 8 என்ற இரண்டு வகை. நடு, ஓரம் என்ற இரண்டு இடம். மொத்தம் நான்கு எண்ணிக்கை. இப்போது கம்ப்யூட்டரே எண்ணித் தருகிறது.

சிடி 8-க்கு நிறம் ஏற்றிய ஸ்லைடைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். மற்றதெல்லாம் வெளிறிய நீலமாக இருக்க, அந்த அணுக்கள் மட்டும் காப்பித்தூள் நிறத்தில் பளிச்சென்று நிற்கும். கண்ணுக்குத் தெரியாமல் கூட்டத்தில் கலந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கை தூக்கியது போல இருக்கும்.

ஒரு குழு சொன்னால் போதாது. 13 நாடுகளில் 14 மையங்கள் சேர்ந்து, முதல் மூன்று ஸ்டேஜில் இருந்த 2,681 நோயாளிகளின் திசுவில் இதைச் சோதித்துப் பார்த்தன. முடிவு 2018-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அதன் முதல் தொகுதி நோயாளிகளில், அளவு உயர்ந்திருந்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் நோய் திரும்பியது 8 விழுக்காட்டினருக்கு. நடுத்தர அளவில் 19. குறைந்த அளவில் 32.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எட்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம், உண்மைதான். ஆனால் அளவு குறைந்தவர்களிலும் நூற்றுக்கு அறுபத்தெட்டு பேருக்கு அந்த ஐந்து வருடத்தில் நோய் திரும்பவில்லை. உயர்ந்தவர்களிலும் எட்டு பேருக்குத் திரும்பியது. கூட்டத்துக்குப் பொருந்தும் கணிப்பு இது. தனி ஒருவரின் தலையெழுத்தை இதில் படிக்க முடியாது. பெரியப்பாவின் கட்டியில் டி அணுக்கள் குறைவாக இருந்ததா, நண்பருடையதில் அதிகமா என்று எனக்குத் தெரியாது, யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் 'அதனால்தான்' என்று பெரியம்மாவிடம் அடித்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். கட்டியைத்தான் வெட்டி எடுத்தாயிற்றே, அதற்குள் இருந்த டி அணுக்களும் கட்டியோடு வாளிக்குப் போய்விட்டன. அப்புறம் அவை எப்படி மூன்று வருடம் கழித்து நடப்பதைத் தீர்மானிக்கும்? எனக்கும் இது வெகுநாள் உறுத்தியது. விடை, நினைவு. ஒரு டி அணு தனக்குரிய துணுக்கை ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் பல்கிப் பெருகும். அதில் ஒரு பங்கு நினைவு அணுக்களாக வருடக்கணக்கில் உடம்பில் சுற்றும். சின்ன வயதில் அம்மை வந்தவருக்குத் திரும்ப வராமல் இருப்பதற்கும் இந்த நினைவுதான் காரணம். கட்டிக்குள் நிறைய டி அணுக்கள் இருந்தால், உடம்பு அந்தப் புற்றை அடையாளம் கண்டு பழகிவிட்டது என்று அர்த்தம். ஆபரேஷனுக்கு முன்பே எங்காவது நழுவிப்போய் ஒளிந்திருக்கும் ஓரிரு புற்றணுக்களை அந்த நினைவு அணுக்கள் பிறகு தேடிப் பிடிக்கும் என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இதே பாரிஸ் குழு 2005-இல், நினைவு டி அணுக்கள் நிறைந்த குடல் கட்டிகளில் நோய் பரவத் தொடங்கியதன் அறிகுறிகள் குறைவாக இருப்பதைக் காட்டியிருந்தது. வெட்டி எடுத்த கட்டி, உடம்பில் மிச்சம் இருக்கும் காவலைப் பற்றிய சாட்சி. இதை உணர்ந்த நாளிலிருந்து ஒரு பிளாக்கைக்கூட நான் அவசரமாக வெட்டியதில்லை.

அடுத்து, சில கட்டிகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் வருகிறது? எல்லாவற்றுக்கும் காரணம் தெரியாது. ஆனால் ஒரு வகைக்கு நன்றாகத் தெரியும்.

அணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் மரபணு எழுத்துகள் முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். பிழை வரத்தான் செய்யும். அதைத் திருத்த ஒரு புரதக் கூட்டமே இருக்கிறது. அச்சகத்தில் பிழை திருத்துபவர் மாதிரி. இந்தத் திருத்தும் வேலை கெட்டுப்போனால் பிழைகள் நூற்றுக்கணக்கில் குவியும். கல்யாணப் பத்திரிகையில் ஓரிடத்தில் 'ள' வரவேண்டிய இடத்தில் 'ல' வந்தால் பலர் கவனிக்காமல் விடுவார்கள். வரிக்கு வரி பிழை இருந்தால் முதல் பார்வையிலேயே கண்ணில் குத்தும். அதே போல, திருத்தம் கெட்ட கட்டியின் ஐசி-யில் பிசகு எக்கச்சக்கமாக இருப்பதால் டி அணுக்கள் படையெடுத்து வரும். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 விழுக்காடு இந்த வகை. முதல் இரண்டு ஸ்டேஜில் இவர்களுக்கு நோய் திரும்புவது பொதுவாகக் குறைவு.

இந்த வகைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. கூட்டம் அதிகமாக வருவதால், தப்பிக்க இந்தக் கட்டிகள் 'நம்ம ஆளுதான்' என்ற அந்தச் சமிக்ஞையைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்தப் பிடியை மருந்தால் விடுவித்தால்? இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை, முற்றிய கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் சரி, திருத்தம் கெட்ட வகையாக இருந்தால் தரலாம் என்று 2017-இல் அமெரிக்கா அனுமதித்தது. 2022-இல் நியூயார்க்கில், இதே வகை மலக்குடல் புற்று இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்தார்கள். ஆபரேஷன் இல்லாமலே 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. சிறிய ஆய்வு, குறிப்பிட்ட வகைக்கு மட்டும். இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று ஆய்வகத்தில் எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நோய் திரும்புமா என்று கணிப்பது ஒன்று. குறிப்பிட்ட மருந்துக்குக் கட்டி மசியுமா என்று கணிப்பது இன்னொன்று. எதிர்ப்பு அணுக்கள் இரண்டுக்கும் துப்பு கொடுக்கும், ஆனால் ஒரே துப்பு இரண்டு கேள்விக்கும் செல்லாது.

உறுப்புக்கு உறுப்பு கதையும் மாறும். மூன்று ஏற்பிகளும் (அணுவின் மேல் சமிக்ஞை வாங்கும் புரதங்கள்) இல்லாத 'டிரிப்பிள் நெகட்டிவ்' வகை மார்பகப் புற்றுநோயில் கட்டிக்குள் லிம்போசைட்டுகள் அதிகம் இருந்தால் நல்ல அறிகுறி; சில அறிக்கைகளில் அதை விழுக்காடாகவே எழுதியிருப்பார்கள். மெலனோமா என்ற தோல் புற்றிலும் அப்படித்தான். சிறுநீரகப் புற்றின் முக்கிய வகையில் நேர்மாறு: சிடி 8 அதிகம் இருந்தால் முடிவு மோசமாக இருப்பதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. நம் நாட்டில் சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயூ மக்களிடமும் அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் இருக்கிறதே, அந்தக் கட்டி முழுக்க லிம்போசைட்டுகள் நெரிசலாக இருக்கும். எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புள்ள புற்று அது. அவ்வளவு கூட்டம் இருந்தும் கட்டி வளர்கிறது, ஏனென்றால் வந்த அணுக்களில் பல சோர்ந்து செயலிழந்து நிற்கின்றன. கூட்டத்தைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது.

ரத்தத்திலும் ஒரு துப்பு உண்டு. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்களை வகை பிரித்து எழுதுவார்கள். நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவின் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். 2014-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 100 ஆய்வுகளிலிருந்து 40,559 நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. விகிதம் அந்தந்த ஆய்வு வைத்த எல்லையைத் (அவற்றின் நடுமதிப்பு நான்கு) தாண்டியவர்களின் ஆயுள், சராசரியாக, குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து அப்பாவின் ரிப்போர்ட்டைக் கால்குலேட்டரில் தட்டாதீர்கள். ஒரு சளிக்காய்ச்சல், டிங்கி, ஸ்டீராய்டு மாத்திரை, நேற்று செய்த ஆபரேஷன், இதில் எது வந்தாலும் அந்த எண் தலைகீழாக மாறும். டாக்டர்கள் பத்து விஷயங்களில் ஒன்றாக வைத்துப் பார்க்கும் எண் அது.

இப்போது பெரியம்மாவின் கேள்விக்குள் ஒளிந்திருந்த இன்னொரு கேள்விக்கு வருகிறேன். பெரியப்பா படுத்திருந்தபோது சொந்தக்காரர்கள் டப்பா டப்பாவாக 'எதிர்ப்பு சக்தி' பொடி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு டப்பா முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல். பெரியம்மாவும் நான்கு மாதம் வாங்கினார், அப்புறம் பணம் போதாமல் நிறுத்தினார். அதனால்தான் பெரியப்பா போய்விட்டாரோ என்ற எண்ணம் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்: எதிர்ப்பு சக்தி என்பது பெட்ரோல் டாங்க் மாதிரி ஊற்றி ஏற்றும் ஒரே பொருள் இல்லை. மேலே சொன்னதெல்லாம் எந்த வகை அணு, கட்டியின் எந்த இடத்தில், எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பற்றியது. மொத்த ஊரிலும் காவலர்கள் எத்தனை பேர் என்பதில் ஒன்றும் இல்லை. திருடன் ஏறும் பின்சுவரில் இரண்டு பேர் விழித்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்தப் பொடியும் டி அணுக்களைக் கட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக நிரூபணம் இல்லை. சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கவும் கூடும், அதனால் எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மன உறுதியும் அப்படித்தான். 'அவருக்கு மனசுல தெம்பு இருந்துச்சு, பொழைச்சுக்கிட்டாரு' என்று சாவு வீட்டில் பேசுகிறார்கள். இறந்தவருக்குத் தெம்பு இல்லை என்று சொல்லாமல் சொல்வது அது. பெரியப்பா எட்டாவது கீமோ முடிந்த மறுநாள் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு வந்து பேத்திக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்கிக்கொடுத்த மனுஷன்.

நம்மால் செய்யக்கூடியது வேறு இடத்தில் இருக்கிறது. மலேசியாவில் புற்றுநோய்களில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மூன்றாம், நான்காம் ஸ்டேஜில்தான் தெரியவருகின்றன. ஆண்களுக்கு வருவதில் பெருங்குடல் புற்றுதான் முதலிடம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அரசாங்க கிளினிக்குகளில் உண்டு. 50 வயது ஆனவர்கள் ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் கேட்டுச் செய்துகொள்ளலாம். குடலில் புற்று என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள், திசு அறிக்கையில் அந்தப் பிழை திருத்தும் புரதங்களைச் சோதித்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். நான்கு புரதங்கள்: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. ஏதாவது ஒன்று காணவில்லை என்றால் சிகிச்சை மாறலாம். இன்னொன்றும் மாறலாம். அந்தக் குறை சிலருக்கு அப்பா அம்மாவிடமிருந்து வந்தது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. வந்திருந்தால் இளவயதிலிருந்தே குடலைக் கேமரா விட்டுப் பார்த்துவர வேண்டும்; பெண்களுக்குக் கர்ப்பப்பையையும் கவனிக்க வேண்டும்.

போன மாதம் மறுபடி பட்டர்வொர்த் போனபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். பொடி டப்பா விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் உள்ளே போய், பெரியப்பாவின் ரிப்போர்ட்டுகளை வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அந்த நான்கு புரதங்களைப் பற்றி எதிலும் ஒரு வரியும் இல்லை. சுங்கை பட்டாணியில் பெரியப்பாவின் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்று வந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அவரோடது எல்லாத்தையும் தூக்கிப் போட்டிருப்பாங்கல்ல?" என்றார் பெரியம்மா.

இல்லை. மெழுகுக் கட்டைகளை ஆய்வகங்கள் பல வருடம் பத்திரமாக வைத்திருக்கும். பாரிஸில் எண்ணியதும் அப்படி அலமாரியில் இருந்த கட்டைகளைத்தான். பெரியப்பாவுடையதும் எங்கோ ஒரு இழுப்பறையில் எண் ஒட்டி இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதிலிருந்து இன்னும் நான்கு ஏடு உரித்து, நான்கு புரதங்களுக்கும் இப்போதுகூட நிறம் ஏற்றிப் பார்க்க முடியும். பெரியம்மாவின் மகனுக்கு முப்பத்தெட்டு வயது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன், ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இருந்த பிளாக் எண்ணை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான்.